மரக்காணம் பக்கம் கடல்நீர்க் குழாயும் படகுத்துறையும்: சிஆர்இசட் (கடற்கரை ஒழுங்குமுறை மண்டல) அனுமதிக்கு எங்கே தொடங்குவது?

உப்பளத்தான்
வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். மரக்காணத்துக்கு வடக்கே, ஈசிஆருக்குக் கிழக்குப் பக்கம் என் மாமாவுக்கு 3 ஏக்கர் பட்டா நிலம், சவுக்குத் தோப்பு. அதில் இறால் ஹேட்சரி (குஞ்சு பொரிப்பகம்) போடலாம் என்று நானும் மாமா மகனும் இறங்கியிருக்கிறோம். கடல் அங்கிருந்து 180 மீட்டர். மணலுக்கு அடியில் குழாய் பதித்து, அலை உடையும் இடத்தைத் தாண்டி 250 மீட்டர் வரை கொண்டுபோய்க் கடல்நீர் எடுக்க வேண்டும். கூடவே ஒரு சின்னப் படகுத்துறையும் யோசனையில் இருக்கிறது, முட்டையிடும் தாய் இறால் கொண்டுவர, குழாயைப் பார்த்துக்கொள்ள எல்லாவற்றுக்கும் உதவும். பஞ்சாயத்தில் என்ஓசி தரத் தயாராக இருக்கிறார்கள். ஒரு ஆலோசகர், "எல்லாம் சேர்த்து பேக்கேஜ், 6 மாதத்தில் கிளியரன்ஸ் கையில்" என்கிறார், பாதிப் பணத்தை முன்னாலேயே கேட்கிறார். கொடுக்கலாமா? பக்கத்தில் இருக்கும் ஹேட்சரிக்காரர்கள் யாரும் இவ்வளவு அலைந்ததாகத் தெரியவில்லை.

அளவுகோல்
முன்பணத்தை இப்போதைக்குச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள், அந்த 180 மீட்டரை எங்கிருந்து எங்கே அளந்தீர்கள்?

உப்பளத்தான்
கூகுள் மேப்பில், வேலி மூலையிலிருந்து ஈரமணல் தொடங்கும் இடம் வரை.

அளவுகோல்
நினைத்தேன். பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் அளக்கிறார்கள். சட்டம் பேசுவது ஈரமணலை இல்லை, உயர் அலைக்கோட்டை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிவரும் பெரிய அலையேற்றத்தில் தண்ணீர் நிலத்தில் எதுவரை ஏறுகிறதோ அதை வைத்துப் போடும் கோடு அது. நீங்கள் போய் நின்ற நாளில் கடல் எங்கே இருந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம், தட்டையான கடற்கரையில் 20, 30 மீட்டர் சர்வசாதாரணமாக உள்ளே தள்ளி வரும். கோட்டை நீங்களோ உங்கள் ஊர் சர்வேயரோ போட முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த நிறுவனம்தான் போட வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு நமக்கு வசதியாகச் சென்னையிலேயே, அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கின்றன: நீடித்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம் ஒன்று, தொலையுணர்வு நிறுவனம் இன்னொன்று. 1:4000 அளவில் உயர் அலைக்கோடும் தாழ் அலைக்கோடும் போட்டு, அதன்மேல் உங்கள் கட்டடம், குழாய் எல்லாவற்றையும் பதித்துத் தருவார்கள். சுற்றி 7 கிலோமீட்டருக்கு 1:25000 அளவில் இன்னொரு வரைபடமும் வேண்டும். இது கையில் இல்லாமல் யார் என்ன தேதி சொன்னாலும் அது வெறும் வாய்ப்பேச்சு.

இன்னொரு விஷயம், எல்லோரும் கிழக்கே மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் மேற்கேயும் பாருங்கள். பக்கிங்காம் கால்வாய் வந்து முடிவது மரக்காணத்தில்தான், கழுவெளி ஏரித் தண்ணீர் கடலுக்கு வரும் கழிமுகமும் அந்தப் பக்கமே. அலை ஏறி இறங்கும் கால்வாய், ஓடை, கழி எதுவானாலும் அதன் கரைக்கும் சிஆர்இசட் உண்டு. மத்திய அரசின் 2011 சிஆர்இசட் அறிவிக்கையில் 100 மீட்டர், 2019இல் 50 மீட்டர், நீர்நிலையின் அகலம் அதைவிடக் குறைவு என்றால் அந்த அகலம். அலை எதுவரை ஏறுகிறது என்பதை உப்பை வைத்துப் பார்ப்பார்கள், வருடத்தின் வறண்ட காலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு உப்பு இருக்கும் இடம் வரை கணக்கு. முன்னால் கடல் பின்னால் கால்வாய் என்று இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்ட நிலம் நிறைய பார்த்திருக்கிறேன்.

பழையஃபைல்
அளவுகோல் தம்பி சொன்னதுதான் அடிப்படை. நான் ஓய்வு பெற்றவன், இந்த மாதிரி கோப்புகளை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தவன், அதனால் வழியை மட்டும் சொல்கிறேன். 1991இல் முதல் அறிவிக்கை, 2011இல் இரண்டாவது, 2019 ஜனவரியில் மூன்றாவது. மூன்றாவது வந்துவிட்டதால் பழையது போயிற்று என்று நினைக்காதீர்கள். 2019இன் சலுகைகள் வேண்டுமென்றால் அதன்படி தயாரித்த கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்துக்கு ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும், ஆகும்வரை 2011தான் ஓடும். எனவே மாவட்ட அலுவலகத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எங்கள் சர்வே எண்ணுக்கு இன்றைய தேதியில் எந்த வரைபடம்?" என்பது.

இது ஏன் முக்கியம் என்றால், கிராமப்புறக் கடற்கரையில் 2011படி 200 மீட்டர் வரை கட்டடம் கட்டக்கூடாத பகுதி. 2019இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள், 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்தால் 50 மீட்டர் போதும், குறைவென்றால் அதே 200. உங்கள் 180 எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். ஆனால் ஹேட்சரிக்கு ஒரு நல்ல செய்தி, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை 2023இல் திருத்தியபோது, பொரிப்பகங்களை அந்தக் கட்டக்கூடாத பகுதியிலும் வைக்கலாம் என்று தெளிவாக்கிவிட்டார்கள். இறால் பண்ணைக்கு அந்தச் சலுகை இல்லை. தடை தளர்ந்தது என்றுதான் சொல்கிறேன், விண்ணப்பமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

வழி: மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையம், அங்கிருந்து மாநில ஆணையம், அவர்கள் பரிந்துரைத்த பிறகு முடிவெடுக்கும் இடம். நிலத்தில் இருக்கும் கட்டடம் ஒரு வகுப்பு, குழாய் குறுக்கே போகும் அலைவாய்ப் பகுதி இன்னொரு வகுப்பு, தாழ் அலைக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை 4ஏ என்று மூன்றாவது வகுப்பு. தண்ணீருக்குள் போகிறது என்றால் பொதுவாக டெல்லி அமைச்சகம் வரை போக வேண்டியிருக்கும். நீங்கள் ஒரே வேலை என்று நினைப்பது காகிதத்தில் மூன்று வேலை.

பஞ்சாயத்து என்ஓசி பற்றி ஒரு வார்த்தை. கொச்சி பக்கம் மரடு குடியிருப்புகளை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே கட்ட அனுமதி கொடுத்ததும் பஞ்சாயத்துதான், கேரளக் கடற்கரை மண்டல ஆணையத்தின் ஒப்புதல் இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அடுக்குமாடித் தொகுதிகள் நான்கும் வெடி வைத்துத் தரைமட்டம். வீடு வாங்கியவர்கள் கையில் எல்லா ரசீதும் பத்திரமாக இருந்தது.

சும்மாவந்தவன்
இதெல்லாம் ஏழைக்கு. மெரினாவில் கடலுக்குள் 360 மீட்டர் தள்ளி 134 அடிக்குக் கலைஞர் நினைவுப் பேனா வைக்கலாம், நாம் ஒரு குழாய் போடக்கூடாதா?

பழையஃபைல்
அதுவும் இதே பாதையில்தான் போயிற்று தம்பி. 2023 ஜனவரி 31ஆம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நடந்த கூச்சல் நினைவிருக்கும். பிறகு டெல்லி நிபந்தனைகளோடு கொடுத்தது. அது சரியா தவறா என்று பேச வேறு இழை திறந்துகொள்ளுங்கள், இங்கே வேண்டாம்.

பொய்கை
நான் ஹேட்சரியில் 11 வருடம் வேலை பார்த்தவன். உப்பளத்தான் அண்ணே, கோபப்படாதீர்கள், இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, தாய் இறாலுக்குப் படகுத்துறை எதற்கு? வனாமி இனத் தாய் இறால் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து, சென்னையில் நோய்த்தடுப்புக் காப்பகத்தில் இருந்துவிட்டு, வேனில் உங்கள் வாசலுக்கு வரும். படகில் வருவதில்லை.

இரண்டு, உள்ளே வரும் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வெளியே போகும் தண்ணீர் எங்கே போகும்? தினமும் தொட்டி மாற்றும் நீர், குளோரின் போட்ட நீர், தீவன மிச்சம், எல்லாம் ஒரு குழாயில் போய்த்தான் ஆக வேண்டும். சுத்திகரிக்காமல் கடலில் விடுவது சிஆர்இசட்டில் நேரடியாகத் தடை செய்யப்பட்ட செயல். விண்ணப்பத்தில் ஒரு குழாயை மட்டும் காட்டினால் குழுவில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும், அங்கே நீங்கள் விழித்தால் ஃபைல் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவும் இசைவு, இயக்கும் இசைவு தனி. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவும் தனி. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளைப் பற்றிக் கொடுத்த தீர்ப்பும், அதற்குப் பிறகு 2005இல் அந்த ஆணையத்துக்கென்று சட்டம் வந்ததும் நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வழக்குப் போட்டவர் நாகப்பட்டினம் பக்கம் வேலை செய்த சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன். வெளியே போன தண்ணீர்தான் அந்த வழக்கின் பாதி.

உப்பளத்தான்
சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படகுத்துறை மாமா மகன் ஆசை. சனி ஞாயிறு சென்னையிலிருந்து வருபவர்களை வைத்துப் படகுச் சவாரி விடலாம் என்கிறான். கழிவுநீருக்கு ஒரு குட்டை வெட்டலாம் என்று நினைத்திருந்தோம், வரைபடத்தில் போடவில்லை. குழாயே வேண்டாம், கடற்கரையில் போர் போட்டு உப்புத்தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒருவர் சொல்கிறார், சுற்றி எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

மணல்மேடு
போர் யோசனை ஏன் எல்லோருக்கும் பிடிக்கிறது என்று புரிகிறது, மணலே வடிகட்டிக் கொடுத்துவிடும், புயலில் குழாய் பிய்த்துக்கொண்டு போகும் கவலையும் இல்லை. ஆனால் 2011 அறிவிக்கையில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பது தடை, அங்கே குடியிருக்கும் மக்கள் தங்கள் தேவைக்கு எடுப்பதைத் தவிர. 200 முதல் 500 வரையிலும் சாதாரணக் கிணற்றில் கையால் இறைப்பதற்கு மட்டுமே, அதுவும் வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில். மோட்டார் வைத்த போர் இதில் எங்கே அடங்கும்?

பொய்கை
மணல்மேடு சார், அங்கே ஒரு மறுப்பு. கரையோரத்தில் உறிஞ்சுவது கடல்நீர், அதை நிலத்தடி நீராகக் கணக்கு வைக்கக் கூடாது என்று தொழிலில் இருப்பவர்கள் வாதிடுகிறார்கள். எனக்கும் அதில் பாதி நியாயம் தெரிகிறது.

மணல்மேடு
வாதிடலாம். அந்த வாதத்தை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிட்டு போர் போடுங்கள் என்கிறேன். 150 மீட்டர் தள்ளி ஊர்க் கிணறு உப்புக் கரித்தது என்றால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும், அப்போது "எல்லோரும் செய்தார்கள்" என்று நீதிபதியிடம் சொல்லிப் பாருங்கள்.

படகுத்துறைக்கு வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவமழையில் கொஞ்சம் தெற்கே திரும்பும், வருடக் கணக்கில் கூட்டிக் கழித்தால் மிச்சம் வடக்கே போகும். குறுக்கே எதையாவது வைத்தால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை கரையும். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் கொட்ட ஆரம்பித்தார்கள், தெற்கே மெரினா அகலமாயிற்று, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுக வாயில் அலைதடுப்புச் சுவர் வைத்தார்கள், நகரத்துக் கடற்கரையே காணாமல் போய்ப் பாறைதான் மிஞ்சியது, பல வருடம் கழித்துத் தண்ணீருக்கு அடியில் செயற்கைத் திட்டு வைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியது. உங்களுடையது சின்னது, ஒப்பிடக்கூடாதுதான். தூண்களின் மேல் நிற்கும் துறையாக இருந்தால் தண்ணீரும் மணலும் ஊடே போகும், பாதிப்பு குறைவு. ஆனாலும் திறந்த கடலில், வருடா வருடம் புயல் பார்க்கும் கரையில், தனியார் படகுத்துறை எத்தனை மழைக்காலம் நிற்கும்? அனுமதி கிடைக்குமா என்பதைவிட எனக்கு இந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

கரைவலை
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். நான் அந்தக் கரையைச் சேர்ந்தவன்தான், எந்தக் குப்பம் என்று சொல்லவில்லை. உப்பளத்தான் அண்ணே, அரசாங்கத்திடம் எப்படிக் கேட்பது என்று எல்லோரும் விலாவாரியாகச் சொல்லிவிட்டார்கள். ஊரிடம் கேட்டீர்களா? பஞ்சாயத்துத் தலைவரைச் சொல்லவில்லை, மீனவக் கிராமத்துப் பஞ்சாயத்தாரைச் சொல்கிறேன். இரண்டும் வேறு.

உங்கள் வரைபடத்தில் வெறும் மணல் என்று வரும் இடத்தில் நாங்கள் கரைவலை இழுக்கிறோம், படகு ஏற்றுகிறோம், வலை காயப்போடுகிறோம், மத்தியானத்தில் பெண்கள் கருவாடு பரப்புகிறார்கள். மீனவக் கிராமத்தின் பொது இடங்களையெல்லாம் மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது, பாதி ஊரை விட்டுவிட்டார்கள் என்றுதான் நாங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கத்திக்கொண்டிருக்கிறோம்.

குழாய் கதை ஒன்று சொல்கிறேன். எங்களுக்குத் தெற்கே ஒரு இடத்தில் ஒரு கம்பெனி கடலுக்குள் குழாய் போட்டது. குழாய் மேலே எழும்பாமல் இருக்க சிமெண்ட் கட்டைகளை வைத்துக் கட்டினார்கள். மணலுக்கு அடியில் இருக்கும் என்றார்கள், முதல் வருடம் இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் நீவாடு (கடல் நீரோட்டம்) மணலை அரித்துக்கொண்டு போய்விட்டது, கட்டைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன, மேலே மிதவையோ கொடியோ ஒன்றுமில்லை. என் சித்தப்பா வலை அதில் மாட்டிப் பாதிக்குமேல் கிழிந்தது. கேட்கப் போனால், "அனுமதி வாங்கித்தான் போட்டோம்" என்று தாளை நீட்டினார்கள். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வலைதான் சரியாக இல்லை. அன்றிலிருந்து குழாய் என்ற வார்த்தையைக் கேட்டாலே ஊரில் எதிர்ப்புதான். அந்தக் கோபம் இப்போது உங்கள் தலையிலும் விழும், நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும்.

மணல்மேடு
கரைவலை சொல்வது பொறியியலாகவும் சரி. ஆழம் அளக்கும்போது ஒரு பருவத்தில் மட்டும் அளந்துவிட்டு வடிவமைத்தால் இப்படித்தான் ஆகும். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அளந்து, மணல் எவ்வளவு இறங்குகிறதோ அதற்கும் கீழே குழாயைப் புதைக்க வேண்டும். ஆலோசகர் சொன்ன 6 மாதத்தில் இரண்டு பருவம் எப்படி அடங்கும் என்று அவரிடமே கேளுங்கள்.

அளவுகோல்
குழாய் பதிக்கும் வேலையை மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளில் வைத்துக்கொண்டால் யாருக்கும் தொந்தரவு இருக்காது இல்லையா?

கரைவலை
தடை விசைப்படகுக்கு அண்ணே. எங்கள் ஃபைபர் படகு அப்போதும் போகும், அப்போதுதான் எங்களுக்கு நாலு காசு. சரி, அதற்காக முன்னால் வைத்தால் பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம், ஜனவரியிலிருந்து பங்குனி முடியும் வரை ராத்திரியில் விளக்கும் மெஷினும் வைத்தால் வனத்துறை வந்து நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் கடல் உங்களை விடாது. ஊரில் உட்கார்ந்து பேசினால் எந்த வாரம் என்று நாங்களே சொல்லுவோம்.

பழையஃபைல்
காகிதத்தில் கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிட்டுப் போகிறேன். விண்ணப்பம் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். படிவம், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, அதில் கடல் பகுதிக்கும் நிலத்துக்கும் தனித்தனியாக, இடர் மேலாண்மை அறிக்கை, அந்த 1:4000 வரைபடம், மாசு வாரியக் கடிதம். நான் பார்த்த கோப்புகளில் திட்டம் மோசம் என்பதைவிட எண்கள் ஒத்துப்போகவில்லை என்பதற்காகத் திரும்பியவை அதிகம். படிவத்தில் குழாய் 250 மீட்டர், வரைபடத்தில் 280, அறிக்கையில் வேறொரு ஊர்க் குழாயின் நீளம், ஏனென்றால் ஆலோசகர் பழைய அறிக்கையைப் பிரதி எடுத்திருப்பார். ஒரு முறை இறால் திட்டத்துக்கான அறிக்கையில் நிலக்கரி இறங்குதளத்தின் பத்தி வந்தது, குழுவில் எல்லோரும் சிரித்தோம், விண்ணப்பதாரர் பாவம் சிரிக்கவில்லை. மாநில ஆணையம் 60 நாளில் பரிந்துரைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் அந்தக் கடிகாரம் முழுமையான விண்ணப்பம் வந்த நாளிலிருந்துதான் ஓடும். கூடுதல் விவரம் கேட்டுக் கடிதம் வந்தால் கடிகாரம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிபந்தனைகளைப் பின்பற்றிய அறிக்கை கொடுக்க வேண்டும், கையெழுத்துப் போடும் முன் எல்லா நிபந்தனையையும் படித்துவிடுங்கள்.

சும்மாவந்தவன்
முதலில் கட்டிவிட்டு அப்புறம் முறைப்படுத்திக்கொள்ளலாமே, எத்தனை பேர் செய்கிறார்கள்.

பழையஃபைல்
மரடு பற்றி மேலே எழுதியிருக்கிறேன். இன்னொரு முறை படியுங்கள்.

உப்பளத்தான்
ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஆலோசகருக்கு முன்பணம் கொடுக்கவில்லை. இரண்டு பருவக் கேள்வியைக் கேட்டேன், அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. அளவு எடுக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பணம் கட்டியாயிற்று. முதல் பார்வையிலேயே, வடமேற்கு மூலையில் நாங்கள் வாய்க்கால் என்று நினைத்தது கால்வாயிலிருந்து அலை ஏறும் ஓடையாக இருக்கலாம் என்கிறார்கள். கழிவுநீர்க் குட்டையை நாங்கள் வைத்திருந்ததும் அதே மூலையில்தான், இப்போது அதை நிலத்தின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், கட்டடம் சின்னதாகும்.

ஊர்ப் பஞ்சாயத்தாரைப் போய்ப் பார்த்தோம். முதல் முறை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்கள். இரண்டாவது முறை மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன், அவர் சவுக்கு வெட்டும்போது அந்த ஊர் ஆட்கள்தான் வேலைக்கு வருவார்களாம், அதனால் உட்காரச் சொன்னார்கள். நாங்கள் குறித்த இடம் கரைவலைப் பாடு, அதாவது அவர்கள் வலை இழுக்கும் இடம், அதற்கு நட்டநடுவில் வருகிறது. தெற்கே 140 மீட்டர் தள்ளிப் போட்டால், மேலே மிதவையும் விளக்கும் வைத்தால், ஆட்சேபம் இருக்காது என்றார்கள், எழுத்தில் இன்னும் வரவில்லை. 140 மீட்டர் தள்ளினால் குழாய் பக்கத்து நிலத்தின் வழியாகப் போகும், அந்த நிலத்துக்காரர் துபாயில் இருக்கிறார். படகுத்துறையை விட்டுவிட்டோம். மாமா மகன் பேசுவதில்லை.

புதன்கிழமை அளவெடுக்க வருகிறார்கள், காலை 6 மணிக்கு. பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அந்த ஓரத்தில் கம்பு நட்டுக் காட்ட ஒருவர் வேண்டும்.

கரைவலை
புதன் அமாவாசை, கடலுக்குப் போக மாட்டோம். இரண்டு பேர் வருகிறோம். கம்பு நீங்கள் கொண்டுவாருங்கள்.